காதைப் பொத்திக்கோ மாப்ளே!

தொரப்பள்ளி என்றதும் ராஜாஜி ஞாபகத்துக்கு வந்திருந்தால், நீங்கள் சரித்திர வகுப்பில் தூங்காதவர் என்று அர்த்தம். 1878 டிசம்பர் 10-ம் தேதி அவர் பிறந்த வீடு எங்கள் ஊரில் நினைவு இல்லமாக இருக்கிறது. காரில் வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், வாசலில் நின்று போட்டோ எடுப்பார்கள், 'இங்க டீ எங்கே நல்லா இருக்கும்?' என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் ஊரின் பெருமை அன்றைக்கு அத்தோடு சரி.

ஊருக்கு இன்னும் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, சானமாவுக் காட்டு யானைகள். இன்னொன்று, என் மாமா.

மாமா என்றால் சாதாரண மாமா இல்லை, இரட்டை மாமா. அம்மாவுக்குத் தம்பி. அவர் பெண்ணையே நான் கட்டிக்கொண்டதால் மாமனாரும் அவரே. கல்யாணத்துக்கு முன்னால் என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர், தாலி கட்டிய நிமிஷத்திலிருந்து 'மாப்ளே' என்கிறார். மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. மற்றபடி பழைய ஒருமைதான்.

மாமா காது கேட்காதவர். பிறவியிலேயே அப்படி இல்லை. எண்பதுகளில் ஓசூர் சிப்காட்டில் பெரிய பெரிய கம்பெனிகள் வர, அவற்றுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்து கொடுக்க சந்துக்குச் சந்து பட்டறைகள் முளைத்தன அல்லவா? அப்படி ஒரு பட்டறையில் மாமா 1984-ல் சேர்ந்தார். பேர் வேண்டாம், அதை மூடியே பல வருஷமாச்சு. வேலை, பவர் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை உள்ளே தள்ள வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், 'டமால்!' தகடு வாஷராக வந்து விழும். மறுபடி தகடு, மறுபடி டமால். ஒரு ஷிப்டில் எத்தனை டமால் என்று கேட்டால் மாமா வானத்தைப் பார்ப்பார். 31 வருஷம்!

காதுக்குப் பாதுகாப்பு? பஞ்சு. அதுவும் வீட்டிலிருந்து கொண்டுபோன பஞ்சு. கடைசிக் காலத்தில் காதடைப்பான் கொடுத்தார்களாம். அதை மாட்டினால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, கேட்காவிட்டால் திட்டு விழும். ஆகவே அது எல்லார் கழுத்திலும் மாலை மாதிரி தொங்கியது.

இங்கே கொஞ்சம் கணக்கு. சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள். இது விசித்திரமான அளவுகோல். பத்து டெசிபல் ஏறினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு ஏறியதாக அர்த்தம். இருபது ஏறினால் நூறு மடங்கு. தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று இருந்தது. 95 ஆனால் நாலு மணி நேரம், 100 ஆனால் இரண்டு மணி நேரம். பிரஸ் ஷாப்புகளில் 95-ம் 100-ம் சர்வ சாதாரணம். மாமா பார்த்தது எட்டு மணி நேரம், மேலே ஓ.டி. வேறு.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய் என்றே இருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்தது. நஷ்டஈடு கேட்டிருக்கலாம். மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் நான் இன்னொரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவன். ஈ.எஸ்.ஐ. தொகையை மாசாமாசம் பிடித்துக் கட்டுகிறவன். சட்டத்தின் பின் பக்கத்தைப் புரட்டியதில்லை. (வெட்கமாகத்தான் இருக்கிறது.)

இந்த வகைச் செவிடு ஒரேயடியாகக் கதவைச் சாத்தாது. முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுக் குரல் பக்கம், ஓட்டை விழும். குருவிச் சத்தம் போகும். அப்புறம் ச, ப, க, த மாதிரி எழுத்துகள் போகும். அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகள் மட்டும் பாக்கி இருக்கும். 'காபி எடுத்துக்கங்கப்பா' என்று என் மனைவி சொல்வாள். மாமா சாவியைக் கொண்டுவந்து நீட்டுவார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். கொஞ்ச நாள் கழித்து அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார் என்பதை நாங்கள் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தோம்.

காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். இரண்டே நாள். தட்டு கீழே விழுந்தால் இடி விழுந்த மாதிரி இருக்கிறது என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். 'பேச்சு கேக்க மாட்டேங்குது, சத்தம் மட்டும் கேக்குது. அதுக்கு நான் பட்டறைக்கே போயிருப்பேனே!'

இனி யானைக்கு வருவோம்.

வருஷா வருஷம் ராகி முற்றும் சமயத்தில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக எங்கள் சானமாவுக் காடு வரைக்கும் வரும். ராகிக் கதிர் அவற்றுக்கு அல்வா. விவசாயிகள் ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். தகர டப்பா, பட்டாசு, டார்ச். ரிட்டயர் ஆனபின் மாமாவின் முழுநேர உத்தியோகம் அவருடைய முக்கால் ஏக்கர் ராகியும் அதன் ஓரத்துப் பரணும்தான்.

2024 டிசம்பரில் ஒரு ராத்திரி. பக்கத்துக் காட்டுக்காரர்கள் 'ஆனை! ஆனை!' என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். தகரம் தட்டுகிறார்கள். மாமா மூத்திரம் பெய்யக் கீழே இறங்கியவர், ஆற்றுப் பக்கம் டார்ச் அடித்தபடி நிம்மதியாக நிற்கிறார். ஏதோ தோன்றித் திரும்பினால், இருபதடி தூரத்தில் ஒற்றைக் கொம்பன். கதிரைப் பிடுங்கி, வேர் மண்ணை முன்னங்காலில் தட்டித் தட்டி, சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

அது இவரைப் பார்த்ததாம். இவர் அதைப் பார்த்தாராம். அப்புறம் அதற்கு என்ன தோன்றியதோ, போய்விட்டது.

மறுநாள் வீட்டில் பெரிய ரகளை. 'இனிமே காவலுக்குப் போனீங்கன்னா நான் உங்க பொண்ணே இல்லை' என்றாள் என் மனைவி. அதை மாமா வாயசைவிலேயே படித்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாளும் அப்படியே. ஒரு மனுஷனிடமிருந்து வேலையை வயசு பிடுங்கியது, காதை பிரஸ் பிடுங்கியது, பாக்கி இருந்த பரணை மகள் பிடுங்கிவிட்டாள். நியாயமாகத்தான் பிடுங்கினாள். ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெங்களூர் எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி, 2025 பிப்ரவரி 10 முதல் 14 வரை. போர் விமானம் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பும் படம்.

"இது கிட்டக்க நின்னா காது கிழியும்ங்கறாங்களே, நெசமா?"

"நெசம்தான்" என்று தலையாட்டினேன்.

"ஆளாளுக்கு எனக்குக் கேக்கலை கேக்கலைங்கறீங்க. ஒலகத்துல இருக்கறதுலயே பெரிய சத்தம் எதுவோ, அதுகிட்ட என்னைக் கொண்டுபோய் நிறுத்து மாப்ளே. கேக்குதா இல்லையான்னு நானே பாத்துக்கறேன்."

விமானம் எங்களுக்குப் புதுசில்லை. ஓசூர் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுபாதை ஒன்று இருக்கிறது. சின்ன விமானங்கள் வரும், போகும். அதெல்லாம் விமானமே இல்லை, இறக்கை கட்டிய டி.வி.எஸ். 50 என்பது மாமாவின் கட்சி.

காது டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு மூளை டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுப்பார் என்று பயந்தேன். 'இருக்கிற கொஞ்சத்தையும் அங்கே விட்டுட்டு வரணுமா? போறதுன்னா ரெண்டு பேரும் காதடைப்பான் போட்டுக்கிட்டுப் போங்க' என்று, ஸ்பாஞ்ச் மாதிரி மஞ்சள் கலரில் இரண்டு ஜோடி கொடுத்தார். அதை அப்படியே சொருகக் கூடாதாம். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காதின் மேல் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 31 வருஷத்தில் மாமாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டிக்கெட்டில் மூன்று ரகம். ஐயாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு, ஆயிரம். ஆயிரம் ரூபாய்க்கு அரங்குகளுக்குள் போக முடியாது. வெட்டவெளியில் நின்று பறப்பதை மட்டும் பார்க்கலாம். எங்களுக்குப் பார்க்கக்கூட வேண்டாம், கேட்டால் போதும். ஆகவே ஆயிரம்.

கடைசி நாள், பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை. உலகமே காதலர் தினம் கொண்டாட, நான் மாமனாரைக் கூட்டிக்கொண்டு அதிகாலை நாலு மணிக்கு என் பழைய மாருதியில் கிளம்பினேன். அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வரை வெண்ணெயில் கத்தி. ஹெப்பாளில் வெண்ணெய் கல்லாகிவிட்டது. கால் மணிக்கு ஒருமுறை ஒரு வண்டி நீளம் நகர்ந்தோம்.

மாமாவுக்குப் பசி. 'இங்க எதுனா பிரியாணிக் கடை...' என்று ஆரம்பித்தார். அங்கேதான் விதி விளையாடியது. கண்காட்சிக்காக எலஹங்காவைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு ஜனவரி 23-லிருந்து பிப்ரவரி 17 வரை மாமிசக் கடைகளை மூடச் சொல்லி மாநகராட்சி உத்தரவு. ஓட்டல்களிலும் அசைவம் கூடாது. காரணம் பக்தியில்லை. பருந்து! கறிக்கடைக் கழிவுக்குப் பருந்துகள் வட்டமடிக்கும், வேகமாகப் போகும் விமானத்தின் இன்ஜினுக்குள் ஒன்று போய்விட்டால் அது இன்ஜினுக்குக் குண்டு போட்ட மாதிரி. இதைக் கை ஜாடையில் மாமாவுக்கு விளக்கினேன். நான் பருந்து மாதிரி கையை விரித்ததை முன்சீட் ஜன்னல் வழியாகப் பார்த்த டிராபிக் போலீஸ்காரர், வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். அது தனிக் கதை.

இட்லி தின்றோம்.

எலஹங்கா மைதானம். திருவிழா என்றால் திருவிழா. குடை, தொப்பி, தோளில் குழந்தை, தூக்குப் பையில் புளியோதரை. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி எல்லாம் ஒரே வெயிலில். அந்த வருஷம் விசேஷம் என்னவென்றால் ரஷ்யாவின் சு-57, அமெரிக்காவின் எஃப்-35 இரண்டும் முதல்முறையாக ஒரே கண்காட்சிக்கு வந்திருந்தன. நிறுத்தி வைத்திருந்ததைக் கிட்டப் போய்ப் பார்க்கும் பாக்கியம் இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய்க்காரர்களுக்கு. நாங்கள் கம்பித் தடுப்பை ஒட்டி இடம் பிடித்தோம். எதிரே சில நூறு மீட்டர் புல்வெளி, அதற்கப்பால் ஓடுபாதை, அதன்மேல் ஆடுகிற கானல்.

மாமாவுக்கு முறைப்படி காதடைப்பானை உருட்டிச் சொருகினேன். எனக்கும் சொருகிக்கொண்டேன். ஒலிபெருக்கிக்காரர் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆயிற்று.

முதலில் என் கண்ணில் பட்டது சுகோய், சு-30 எம்.கே.ஐ. நம் விமானப்படையின் பெரிய குதிரை. நமக்கு அன்னியமில்லை. 2020 ஜனவரியிலிருந்து தஞ்சாவூரிலேயே ஒரு படைப்பிரிவு இருக்கிறது, பிரம்மோஸ் ஏவுகணையோடு. தூரத்தில் ஓடுபாதை முனையில் அது வந்து நின்றபோது, கூன் விழுந்த கொக்கு மாதிரிதான் இருந்தது. இதற்கா ஆயிரம் ரூபாய் என்று ஒரு கணம் தோன்றியது.

அதற்கு இரண்டு இன்ஜின். முழு மூச்சில் ஒவ்வொன்றும் பன்னிரண்டரை டன் உந்தும். இரண்டும் சேர்ந்தால் 25 டன். நம் நெடுஞ்சாலையில் சரக்கோடு போகும் பத்துச் சக்கர லாரி சுமார் 28 டன். அதாவது ஒரு லாரியைக் கிட்டத்தட்ட அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கிற பலம். விமானத்தின் வெறும் எடை 18 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. கண்காட்சிக்கு எரிபொருளை அளவாக ஊற்றிக்கொண்டு வந்தால், தூக்குகிற பலமும் எடையும் ஏறக்குறைய சமம். அதனால்தான் நட்டுக்குத்தாக ஏறுகிறது.

எப்படி இந்தப் பலம்? 'ஆஃப்டர்பர்னர்' என்று ஒரு சூட்சுமம். சாதாரணமாக ஜெட் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி, எண்ணெய் தெளித்து எரித்து, பின்னால் ஊதித் தள்ளுவார்கள். அப்படி வெளியே போகும் கொதிக்கிற வாயுவில் எரியாத பிராணவாயு நிறைய மிச்சம் இருக்கும். அதன்மேல் இன்னொரு முறை எண்ணெயைப் பீய்ச்சினால்? அடுப்புக்குள் அடுப்பு! உந்துவிசை ஒன்றரை மடங்காகும். எண்ணெய்ச் செலவு மூன்று மடங்குக்கு மேலே போகும். என் மனைவி கேஸ் அடுப்பில் இதைக் கண்டிப்பாக அனுமதிக்க மாட்டாள்.

வால் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு தீ நாக்குகள் நீண்டன. உற்றுப் பார்த்தால் அந்தத் தீக்குள் வைரக்கல் பதித்த மாதிரி வரிசையாக வெளிச்சப் புள்ளிகள். ஒலியைவிட வேகமாக வாயு வெளியேறும்போது அழுத்த அலைகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடங்கள் அவை. அழகு என்று நினைத்து முடிப்பதற்குள்...

சத்தம் வரவில்லை. ஒரு விநாடி.

அப்புறம் வந்தது.

அதைச் சத்தம் என்று சொல்வது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம். சத்தம் காதில்தானே வரும்? இது முதலில் சட்டைப் பொத்தானில் வந்தது. அப்புறம் நெஞ்செலும்பில். தடுப்புக் கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. நான் நடுங்குகிறேனா கம்பி நடுங்குகிறதா தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலில் வட்டம் வட்டமாக அலை. பக்கத்தில் ஒரு குழந்தை வாயை அகலத் திறந்து அழுதது. அந்த அழுகை ஊமைப்படம். விமானம் எங்கள் நேரே வந்தபோது 'பர்ர்ர்' என்று யாரோ வானத்தைத் துணி கிழிக்கிற மாதிரி கிழித்தார்கள். ஓடுகிறது, ஓடுகிறது, மூக்கு எழும்புகிறது, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான்! அடுத்து நான் அண்ணாந்து பார்த்தபோது இரண்டு தீப்பொட்டுகள் மட்டும் வானத்தில். பின்னால் கார் நிறுத்துமிடத்தில் நூற்றுக்கணக்கான கார்களின் திருட்டு அலாரம் ஒரே சமயத்தில் அலறியதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

இந்த இரைச்சல் இன்ஜினுக்குள் பிறப்பதைவிட, பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் பிறக்கிறது. அசுர வேகத்தில் வரும் வாயு, சும்மா நிற்கிற காற்றைக் கிழிக்கிறது பாருங்கள், அந்தச் சண்டையின் சத்தம். ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1952-ல் இதற்குக் கணக்குப் போட்டார். வாயுவின் வேகம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் சக்தி 256 மடங்காகும்! வட்டிக்கு வட்டி போடுகிறவன்கூட இப்படிப் போட மாட்டான். ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே, முப்பது மீட்டரில் நின்றால் 140 டெசிபல் வரும். தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஆறு ஆறாகக் குறையும். நாங்கள் நின்ற தூரத்துக்கு என் கணக்கில் 115, 120. மாமாவின் பட்டறையைப் போல் நூறு மடங்குக்கு மேல்.

தீப்பொட்டு மறைந்ததும் மாமாவைப் பார்த்தேன். திக்கென்றது. மஞ்சள் காதடைப்பான் இரண்டும் அவர் உள்ளங்கையில். எப்போது பிடுங்கினாரோ!

கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒரு கை தடுப்புக் கம்பியில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார்.

"கேட்டுச்சு" என்றார்.

நான் காதைக் காட்டி 'இங்கேயா?' என்று ஜாடை செய்தேன்.

"கொஞ்சம். ஓரமா. இங்கதான் நெறய" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். சிரித்தார். பல மாதத்துக்கப்புறம் பார்க்கிற சிரிப்பு. எனக்கு என்னமோ தொண்டை அடைத்தது. காதடைப்பானை மறுபடி மாட்டச் சொன்னேன். சமர்த்தாக மாட்டிக்கொண்டார்.

சு-57 வந்தது. ஜனம் முண்டியடித்தது. இந்தப் பக்கம் திரும்புகிறது, அந்தப் பக்கம் புரள்கிறது, நடுவானில் நிற்கிற மாதிரி பாவனை காட்டுகிறது. நம் தேஜஸ் வந்தபோது கைதட்டல் கூடியது. 2001 ஜனவரி 4-ம் தேதி இதே பெங்களூரில் முதல் தடவையாகப் பறந்த குஞ்சு அது. 2020-ல் நம் கோயமுத்தூர் சூலூரில் இரண்டு படைப்பிரிவுகள் இருந்தன. நானும் விசிலடித்தேன். அடித்துவிட்டு ஒரு குற்ற உணர்ச்சி. எங்கள் ஊரில் பிறந்த பெரியவர் 1962-ல், 83 வயதில், அமெரிக்காவுக்குப் போய்க் கென்னடியைப் பார்த்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி மன்றாடியவர். அந்த ஊர்க்காரன் போர் விமானத்துக்கு விசிலடிக்கிறேன். என்ன செய்வது, அந்த நேரத்தில் வாய் தானாக விசிலடிக்கிறது ஸார்.

இந்த வித்தையெல்லாம் சும்மா வருவதில்லை என்பதும் தெரிந்ததுதான். 2019 பிப்ரவரி 19-ம் தேதி இதே எலஹங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரண் குழுவின் இரண்டு விமானங்கள் மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்துபோனார். நாங்கள் பார்த்துவிட்டு வந்த ஒன்பதாவது மாசம், 2025 நவம்பர் 21-ம் தேதி, துபாய் கண்காட்சியில் தேஜஸ் ஒன்று விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் உயிரிழந்தார். டி.வி.யில் அதைக் காட்டியபோது மாமா ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. 'நாம கைதட்டினோமே, அந்த வண்டியா?' என்று கேட்டார். அதே வகை என்றேன்.

அன்றைக்குத் திரும்புகிறோம். பார்க்கிங்கைவிட்டு வெளியே வரவே ஒன்றரை மணி நேரம். மாமா தானாகப் பேச ஆரம்பித்தார்.

"மாப்ளே, நான் எதுக்கு வந்தேன் தெரியுமா?"

"சத்தம் கேக்க."

"அது சரி. எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. இம்மாம் பெரிய சத்தம் வயித்துல கேக்குதுன்னா, ஆனை வந்தாலும் வயித்துல தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சா, ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு மறுபடி காவலுக்குப் போயிடலாம்னு."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே அவரைப் பார்த்தேன்.

"ஆனா இது வந்தப்ப ஒடம்பே ஆடுச்சு. ஆனை வந்தப்ப ஒண்ணுமே ஆடலை மாப்ளே. அது பூனை மாதிரி நடக்குது."

வாஸ்தவம். யானையின் பாதத்தில் மெத்தை மாதிரி கொழுத்த திசு இருக்கிறது. அத்தனை டன்னும் அதில் அமுங்கிவிடும். நல்ல காதுள்ளவனுக்கே பத்தடி வரும் வரை தெரியாது, கதிர் ஒடிகிற சரசரப்புதான் காட்டிக் கொடுக்கும். சரசரப்பு என்பது மாமாவின் காதிலிருந்து முதலில் போன சத்தம்.

அவரைத் தேற்றுவதற்காக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன், பாதி ஜாடை, பாதி வாயசைவு. 1984-ல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க அம்மாள் ஒரு மிருகக்காட்சி சாலையில் யானைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, சத்தமே இல்லாமல் காற்று மட்டும் அதிர்வதை உணர்ந்தாள். ஆராய்ந்து பார்த்ததில், மனுஷக் காதுக்கு எட்டாத அடிக்குரலில் யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது தெரிந்தது. 'அதனால நல்ல காது இருக்கறவங்களுக்கும் அது பேசறது கேக்காது மாமா' என்றேன்.

"அது அதுங்களுக்குள்ள பேசிக்கறது. எனக்கா சொல்லுது, நான் வர்றேன்னு?" என்றார் மாமா.

பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டினோம்.

"பரண் வேணாம். ஒன் பொண்டாட்டி சொன்னது சரிதான். ராகியைப் பக்கத்துக் காட்டுக்காரனுக்கே வாரத்துக்கு விட்டுடலாம்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "அந்தக் காது மெஷின்... பீரோவுல இருக்கு. பேட்டரி செத்திருக்கும். எங்க விக்கும்?"

"ஓசூர்லயே விக்கும். ஆனா அதைச் சத்தம் குறைச்சு, உங்க காதுக்குத் தகுந்த மாதிரி திருகித் தரணும் மாமா. ரெண்டு மூணு தடவை போகணும். முதல்லயே போயிருக்கணும்."

"போலாம்" என்றார். ஏதோ பெங்களூருக்குப் போகலாம் என்கிற மாதிரி.

அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் எல்லைக்குள் நுழைந்ததும் முதல் பிரியாணிக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். 13 கிலோமீட்டர் சட்டம் செல்லாத பூமி! இரண்டு பிளேட் மட்டன், எக்ஸ்ட்ராவாக ஒரு சுக்கா. சாப்பிடும்போது சர்வர் ஏதோ கேட்டான். 'என்ன?' என்றேன். மறுபடி கேட்டான். மறுபடி 'என்ன?' என்றேன்.

அப்போதுதான் உறைத்தது. சு-57-ஐ செல்போனில் படம் பிடிக்கிற அவசரத்தில், ஒலிபெருக்கிக்காரர் சொல்வது கேட்கவில்லையே என்று நான் என் காதடைப்பானைக் கழற்றினேன். மறுபடி மாட்டவே இல்லை! பொத்திக்கொள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். காதுக்குள் 'ங்ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். பேச்செல்லாம் கம்பளிக்கு அந்தப் பக்கம். காதுக்குள் இருக்கும் மெல்லிய மயிரணுக்கள் பெரிய சத்தத்தில் நெற்பயிர் மாதிரி சாய்ந்துவிடுமாம். சாய்ந்தது ஒரு நாளில் நிமிர்ந்தால் அதிர்ஷ்டம். தினமும் சாய்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் நிமிராது.

என்னுடையது மறுநாள் மத்தியானம் நிமிர்ந்தது. ஆனால் அன்று ராத்திரி தொரப்பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி. வாசலில் மனைவி நின்றுகொண்டு ஏதோ கேட்டாள்.

"என்ன?" என்றேன்.

மறுபடி கேட்டாள்.

"என்ன?"

மாமா காரிலிருந்து இறங்கியபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பட்டறைக் குரலில், ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"சாப்பிட்டாச்சான்னு கேக்கறா மாப்ளே! இட்லி மட்டும்தான்னு சொல்லு!"